பழுது ஷட்டரில்தான் இருக்க வேண்டும்

பழைய கேமராவை மறுபடி கையில் எடுத்து, முதல் பிலிம் ரோல் கழுவிப் படங்கள் போனுக்கு வந்த அன்றைக்கு நான் அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். ஒரு படம்கூட உருப்படியாக இல்லை. காலனி வாசலில் பால் பூத், பூத் முன்னால் படுத்திருந்த நாய், தண்ணீர்த் தொட்டி, எங்கள் வீட்டுச் செம்பருத்தி, எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஃபோகஸ் தப்பவில்லை. அது தப்பியிருந்தால் படம் மொத்தமாகக் குழைந்து போயிருக்கும். இது வேறு. ஒவ்வொரு கோடும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது, மை காய்வதற்குள் எழுத்தின்மேல் விரல் பட்ட மாதிரி.

"ஷட்டர் போயிடுச்சு" என்றேன்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து போனை வாங்கினாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். தப்பு விடையைப் பார்த்தால் அடுத்த நொடியே சொல்லிவிடுகிற வாய். அன்றைக்கு அந்த வாய் சும்மா இருந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு பழைய கேமராவுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அந்த மாதம்தான் பேங்கில் என் காசோலையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். என் கையெழுத்து எனக்கே ஒத்துப்போகவில்லை என்று சொல்ல அவர்கள் யார் என்று அங்கேயே சத்தம் போட்டுவிட்டு வந்தேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். வீட்டுக்கு வந்து நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

என் அப்பா இங்கே செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ரிடையர் ஆகிக் கொஞ்ச காலத்தில் அவருக்கு வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் சும்மா இருக்கும்போது மட்டும். பிறகு எப்போதும். கடைசி வருஷங்களில் அம்மாதான் அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். கூடத்து நாற்காலியில் அவர் முகத்தை நிமிர்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நான் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவேன்.

ஆகவே எனக்கு அந்தக் கேமரா கெட்டுப் போயிருக்க வேண்டும். கெட்டே தீர வேண்டும். படம் ஆடியதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும், ஒன்று ஷட்டர், இன்னொன்று நான்.

அது சோவியத் காலத்துக் கேமரா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அபிட்ஸ் கடைத்தெருவில் வாங்கியது. பேட்டரி கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். செங்கல் கனம். ஷட்டர் என்றால் உள்ளே இரண்டு கறுப்புத் துணித் திரைகள். பட்டனை அழுத்தியதும் முதல் திரை ஓடிப் பிலிமைத் திறக்கும். இரண்டாம் திரை அதன் பின்னாலேயே ஓடி மூடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வேகம். இந்தத் திரைகள் எங்கேயாவது சிக்கித் தயங்கினால், அறுபதில் ஒரு பங்கு நொடி என்று நாம் வைத்தது பத்தில் ஒரு பங்கு நொடியாகிவிடும். அவ்வளவு நேரம் எவன் கையும்தான் அசையும். இதுதான் என் வாதம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது, எனக்கும் தெரியும். ஷட்டர் மெதுவாக ஓடினால் வெளிச்சம் அதிகம் விழும், படம் வெளுத்துப் போக வேண்டும். என் படங்கள் வெளுக்கவே இல்லை, வெளிச்சமெல்லாம் அளவாக இருந்தது. கழுவிய இடத்தில் சரிக்கட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகள் ஊரின் மறு கோடியில், கொண்டாப்பூரில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. நாம் தமிழில் கேட்டால் அவள் பாதி இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். வீடியோ காலில் படங்களைக் காட்டினேன். "அப்பா, ஜஸ்ட் யூஸ் யுவர் போன்" என்றாள். எனக்குச் சட்டென்று ஒரு பிடி கிடைத்தது. "பார்த்தியா? போன்ல எடுத்தா நல்லா வருது. அதே கைதான். அப்ப கோளாறு கேமராலதானே?" என்றேன்.

"போன்ல ஸ்டெபிலைசேஷன் இருக்குப்பா. கை ஆடினா அதுவே கரெக்ட் பண்ணிக்கும்."

"யார் கை ஆடுது இங்க?" என்று கத்திவிட்டேன். அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். நெட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

செகந்திராபாத்தில் பிலிம் வாங்கி மும்பைக்கு அனுப்பிக் கழுவித் தருகிற கடை ஒன்று உண்டு. கேமராவை அங்கே கொண்டுபோனேன். கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நக்கோ சாப்", வேண்டாம் சார், என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார். இதையெல்லாம் திறக்கிறவர்கள் இப்போது யாரும் இல்லையாம், உதிரிபாகமும் கிடையாதாம், வேண்டுமானால் அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாமாம். திருமுல்கேரியில் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற ஆட்டோவில் வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் அளவுக் கருவிகள் பிரிவில் காலம் தள்ளியவன் நான். என் கையால் பிரித்துப் பூட்டாத கருவி அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. எனக்கு எதற்கு இன்னொருத்தன்?

சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். முதலில் திறக்காமல் சோதனை. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமராவை நிறுத்தினேன். பின்னால் போனை வைத்து ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தேன். திரை எத்தனை ஃபிரேமுக்குத் திறந்திருக்கிறது என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். எண்ணினேன். அறுபதில் வைத்தால் ஒரு தடவை சரியாக இருந்தது, மறு தடவை இரண்டு மடங்கு ஆனது. முப்பதில் வைத்தால் இரண்டாம் திரை கடைசி ஓரத்தில் போய்த் தயங்கித் தயங்கி நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லாட்டரி விழுந்தவன்கூட அப்படி எழுந்து நின்றிருக்க மாட்டான். "இங்க வா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டேன். அவள் வந்து என் தோள் வழியாக அந்த வீடியோவைப் பார்த்தாள். "நிஜமாவே மாட்டிக்குதே" என்றாள். அவள் குரலிலும் ஒரு தெம்பு வந்ததை நான் கவனித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கேட்காமலே கேசரி கிளறினாள்.

மேல்மூடியைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு திருகு வழக்கத்துக்கு மாறாக வலதுபக்கம் சுழற்றிக் கழற்ற வேண்டியது, இன்னொன்றின் தலை தேய்ந்து போயிருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே அந்த இடுக்கி. எள்ளைவிடச் சின்னத் திருகைப் பிடித்துத் தூக்கும்போதெல்லாம் இடுக்கி முனை டக்டக்கென்று உலோகத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. தரம் கெட்ட இடுக்கி என்று சொல்லி ஆன்லைனில் வேறொன்று வாங்கினேன். அதுவும் தட்டியது. அதுவும் தரம் கெட்டதுதான் என்றேன். ஒரு திருகு துள்ளித் தரையில் விழுந்தது. மொசைக் தரையில் அது எங்கே தெரியப் போகிறது. மனைவி டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடிக்க, நான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். கிடைத்தது. எடுத்து மேஜையில் வைக்கும்போது மறுபடி விழுந்தது.

"நான் எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். வெளிச்சத்த ஒழுங்கா பிடி. அது போதும்."

மூடி வந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இந்த ரகக் கேமராவில் ஒரு விசேஷம். ஷட்டர் ஓடும்போது மேலே இருக்கிற, வேகத்தை மாற்றுகிற வட்டத் திருகும் கூடவே சுழலும். அதை விரலால் தடுத்தால் திரையே நின்றுவிடும். அந்தத் திருகின் அடித்தண்டைச் சுற்றி மஞ்சளாக ஏதோ கெட்டிதட்டிப் போயிருந்தது. நடுநடுவே சிவப்பு. கிரீஸ் இந்த நிறத்தில் இருக்காதே என்று மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில் ஸ்குரூ டிரைவரிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும், தையல் மிஷினிலிருந்து மிக்ஸி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. அப்பா லேத்துக்குப் பொட்டு வைத்த வழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது. கேமராவுக்கும் உண்டு. பொட்டு வைப்பது மனைவியின் வேலை. கேமராவில் எங்கே வைப்பாள்? மேலே, வட்டமாக, நெற்றி மாதிரி தெரிகிற இடத்தில். அதாவது சரியாக அந்தத் திருகின்மேல். வருஷா வருஷம் குழைத்த சந்தனம் இடுக்கு வழியாக இறங்கி, காய்ந்து, குங்குமத்தையும் சேர்த்துக்கொண்டு சிமெண்டாகியிருந்தது.

"உன் சந்தனம்தான்!" என்றேன். "அத்தன வருஷமும் நீ வச்ச பொட்டு."

"பொட்டு வைக்கிறப்ப பக்கத்துல கைகட்டி நின்னது யாரு? கற்பூரம் காட்டினது யாரு?"

"எனக்கென்ன தெரியும் நீ திருகுல வைப்பேன்னு?"

"அப்ப சாமியத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேங்க் விஷயத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சந்தனத்தை எடுப்பது லேசாக இல்லை. தண்ணீர் விட்டால் கரையும், ஆனால் உள்ளே தண்ணீரை விட முடியாது. ஸ்பிரிட்டுக்கு அது மசியவே மாட்டேன் என்றது. குண்டூசியால் துளித்துளியாகச் சுரண்டி, சுரண்டியது உள்ளே விழாமல் ஊதி எடுத்து, பட்ஸால் ஒற்றி, மறுபடி சுரண்டி. இரண்டு இடத்தில் ஊசி வழுக்கி மூடியில் கீறல் விழுந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. யார் போன் செய்தாலும் எடுக்கவில்லை, கேஸ்காரன் பெல் அடித்ததற்குக்கூட எரிந்து விழுந்தேன். கடைசியில் திருகு வழுக்கிக்கொண்டு சுழன்றது. பூட்டினேன். மறுபடி வீடியோ. அறுபது என்றால் அறுபது, எத்தனை தடவை அழுத்தினாலும் அதே ஃபிரேம் கணக்கு. திரை ஓரம் வரை ஒரே ஓட்டமாக ஓடியது.

அடுத்த ரோலைப் போட்டுக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். காலனிக்கு வெளியே பட்டாள முகாமின் சுவர்ப் பக்கம் கேமராவைத் தூக்கினால் கேள்வி வரும் என்பதால் காலனிக்குள்ளேயே சுற்றினேன். பால் பூத், தொட்டி, செம்பருத்தி. நாய்கூட அதே இடத்தில் படுத்திருந்தது. நூற்றி இருபத்தைந்தில் வைத்தே எடுத்தேன், ஆட வாய்ப்பே இல்லாத வேகம். பிலிமை மும்பைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் மனசு லேசாக இருந்தது. பேங்குக்குப் போய்ப் புதுக் கையெழுத்துக்கூடக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரியதாக, நிதானமாக, படம் வரைகிற மாதிரி போட்டேன்.

படங்கள் வந்தன. பால் பூத் ஆடியிருந்தது. தொட்டி ஆடியிருந்தது. நாய்க்கு இரண்டு மூக்கு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குப் போன் போட்டு அந்த மனுஷனைக் கண்டபடி பேசினேன். ஸ்கேன் எடுக்கிறவனுக்குக் கண் இருக்கிறதா, பிலிமைச் சட்டத்தில் தட்டையாக வைக்கத் தெரியுமா என்றெல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நெகட்டிவே அப்படித்தான் சாப் என்று வைத்துவிட்டார். அப்புறம் லென்ஸ் மரை லூஸ் என்றேன். உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும்போது அடிக்கிற அடியில் கேமராவே அதிர்கிறது என்றேன். பிலிம் பழசு என்றேன். ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்த்து, பூட்டினேன். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ட்ரைபாட் கிடந்தது. அதில் கேமராவை நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தால் விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்கும். மனைவி இரண்டு தடவை கேட்டாள், இறக்கித் தரட்டுமா என்று. கால் உடைஞ்சிருக்கு, வேணாம் என்றேன். கால் உடையவில்லை.

மறுபடி நான் வேட்டியை விரித்து ஸ்குரூ டிரைவரை எடுத்தபோது அவள் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க ஆபீஸ்ல ஒரு கருவி தப்பா காட்டினா மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கருவி தப்பு காட்டினாலும் அதைத் தொடுவதற்கு முன்னால் ஆளை மாற்றுவோம். அதே பொருளை, அதே கருவியால், வேறொருவர் அளக்க வேண்டும். அவருக்கும் தப்பு வந்தால்தான் கருவியைத் திறக்கலாம். இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன்களை நான் விட்ட டோஸைப் பற்றி ஒவ்வொரு ராத்திரியும் சாப்பிடும்போது இவளிடம் சொல்லியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"பாதி ரோல் நீங்க எடுங்க. பாதி நான் எடுக்கறேன்" என்றாள்.

"உனக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியுமா?"

"சொல்லிக் குடுங்க. தெரிஞ்சுக்கறேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு அதுல பாக்கவே வராது உனக்கு."

"வராட்டி போகட்டும். என் படமும் ஆடணும், உங்களுக்கு அதுதானே வேணும்?"

எழுந்து பிலிமை மாட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர், பூசாத செங்கல். கல்லுக்குக் கல் கோடு தெளிவாகத் தெரியும், ஆடினால் மறைக்க முடியாது. தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து அதன்மேல் நின்றேன். அறுபதில் வைத்து, முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்து, என்னால் முடிந்த அவ்வளவு சுத்தமாக எடுத்தேன். பிறகு அவள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திப் பார்த்து, கடைசியில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே எடுத்தாள். பட்டனை ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் குத்தினாள். இப்படி எடுத்தால் சுவரே இடிந்து விழுந்த மாதிரி வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வர வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஸ்கேன் வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சோபாவில். முதலில் என்னுடையவை, ஒவ்வொரு செங்கலும் இரண்டு செங்கலாக. அடுத்தது அவளுடையவை. சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒன்றில் மேலே வானம் வெட்டுப்பட்டிருந்தது, ஒன்றில் அவள் விரல் ஓரத்தில் மறைத்திருந்தது. ஆனால் செங்கல் செங்கலாக இருந்தது. காரை இடுக்கில் ஒரு எறும்பு வரிசை போயிருக்கிறது, அதுகூடத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். எறும்புகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது.

போனை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மாசக்கணக்கா உங்களுக்கு முக்கா டம்ளர் காபிதான் ஊத்தறேன். முழுசா ஊத்தினா சட்டையில சிந்துது. நீங்க கவனிக்கல."

எனக்குக் கோபம்தான் வந்தது, வேறொன்றும் வரவில்லை. "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் இங்க பைத்தியக்காரன் மாதிரி திருகு திருகாக் கழட்டிக்கிட்டு இருக்கேன், நீ டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கற."

"அந்தத் திரை மாட்டிக்கிச்சில்ல, அன்னிக்கு நானும் நம்பினேன்" என்றாள். "உங்களவிட அதிகமாவே நம்பினேன்." கையிலிருந்த சட்டையை அதற்கு மேல் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கத்துவதை நிறுத்தினேன்.

நரம்பு டாக்டரின் நம்பரை அவள் எப்போதோ என் போனில் ஏற்றி வைத்திருந்தாள். நான் அழுத்தினேன். மறுமுனையில் ஒரு பெண், தெலுங்கில் பேர் கேட்டாள், வயசு கேட்டாள். சொன்னேன். "ஏமிட்டி சார் ப்ராப்ளம்?" என்றாள். எனக்கு ஷட்டர் என்ற வார்த்தைதான் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை நாளாக யார் கேட்டாலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "சேதுலு வணுகுதுன்னாயி, மேடம்" என்றேன். கை நடுங்குகிறது என்பதை வாயைத் திறந்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை, தெலுங்கில், முகம் தெரியாத ஒரு பெண்ணிடம். பக்கத்தில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எந்தக் கை என்று அந்தப் பெண் கேட்டாள். வலது என்றேன்.